நேவி பாஸின் கயிறும் நாகலெட்சுமியின் கோடியும்

அழகன் என்று பெயர் வைத்த தாய்க்கு எதிர்காலம் தெரிந்திருக்க நியாயமில்லை. மூக்கு இடப்பக்கம் சாய்ந்து, வலக்காது முட்டைக்கோவா இலைபோலச் சுருண்டு, புருவத்துக்கு நடுவே மயிர் முளைக்காத ஒரு தழும்போடு அந்த மனிதர் இலங்கை மலைநாட்டுப் பூண்டுலோயாக் கடைவீதியின் கடைசியில் பாடையில் கிடந்தார். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் அந்த முகத்தில் தங்கள் கைவேலை எது என்று தேடினார்கள். ஒருவர் காதைக் காட்டி, "இது நான் வச்சது" என்று பக்கத்து ஆளிடம் பெருமைப்பட்டதாகவும் கேள்வி. சாவு வீட்டில் பேசுகிற பேச்சா அது? ஆனால் நேவி பாஸ் என்று ஊர் கூப்பிட்ட அந்த மனிதரின் சாவு வீட்டில் வேறு எந்தப் பேச்சுதான் பொருந்தும்?

அடிபட்டு அவர் சாகவில்லை. ஊருக்கு அதுவே பெரிய ஏமாற்றம். காலையில் தன் கராஜில் பஸ் ஒன்றின் அடியில் படுத்து வேலை பார்த்தவர் வெளியே வரவில்லை. தேத்தண்ணி ஆறுகிறதே என்று நாகலெட்சுமி குனிந்து காலைத் தட்டினாள். நெஞ்சு நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான். இத்தனை பேர் இத்தனை வருசமாகக் குத்தியும் நிற்காத நெஞ்சு, ஒருவரும் தொடாமலே நின்றுவிட்டது.

நாகலெட்சுமி அவருடைய பெண்சாதி. முந்தின நாள் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிணம் விழுந்த நாழியிலிருந்து அந்தச் சொல்லைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தார்கள். காரணம், அவள் கழுத்தில் தாலி இல்லை.

தாலியை அவர் கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. அவள்தான் வேண்டாம் என்றாள். "ஒரு தாலி போதும். அதப் புடிச்சுத்தான் மொதப் புருசன் என்னய செவுத்துல மோதுவான்" என்றாள். அன்றைக்குப் பெரிய வீரம்தான். இன்றைக்குப் பாடைக்குப் பக்கத்தில் வெறுங்கழுத்தோடு உட்கார்ந்து, கராஜ் சாவிக்கொத்தை இடுப்பில் இறுக்கிச் செருகியபடி, யார் எப்போது வந்து அதைப் பிடுங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கராஜுக்குப் பின்னால் இருந்த ஓர் அறைதான் அவளுக்கு வீடு. அது போனால் மலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஒரு கதவும் அவளுக்குத் திறக்காது.

பாடை இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். சரிவான அந்த ஊரில் கராஜ் முற்றத்தைத் தவிர நாலு பேர் நிற்கச் சமதரை கிடையாது. அந்த முற்றத்தில் நாலு பழைய லொறி அச்சுகள் தூண்களாக நடப்பட்டு, வண்டி இழுக்கிற வடம் அவற்றைச் சுற்றிக் கட்டியிருக்கும். அதுதான் "கயிறு". அதற்குள்தான் பாடை.

கயிறு வந்த கதை இது. ஜப்பான் சண்டைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிய அழகன் திருகோணமலையில் வெள்ளைக்காரன் நேவியில் சேர்ந்து, கப்பலின் அடிவயிற்றில் எஞ்சினுக்குத் தீனி போட்டார். கப்பலில் இரண்டு பேருக்குப் பகை வந்தால், மேல்தட்டில் கயிறு கட்டி உள்ளே இறக்கிவிடுவார்களாம். ரத்தம் வரும்வரை அடித்துக்கொள்ளலாம். முடிந்ததும் கைகுலுக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சங்கதியை ஒருவரும் வாயில் எடுக்கக் கூடாது. வெள்ளைக்காரனிடமிருந்து ஆளாளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சிலர் தொப்பியை, சிலர் சுருட்டை. நேவி பாஸ் இதை எடுத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளைக்காரன் கொடியை இறக்கிய வருசம் கராஜைத் திறந்தார். அதே வருசம்தான் தோட்டத்து ஆட்களுக்கு இந்த நாட்டில் பாத்தியம் இல்லை என்று சட்டம் வந்தது. "ராசாவுக்காகக் கப்பல்ல வெந்தவன் நானு. எனக்குமா?" என்று ஏதோ ஓர் ஆபீசில் போய்க் கேட்டாராம். உமக்கும்தான் என்றார்களாம். அன்று சாயங்காலம் யாரோ ஒரு முதலாளியின் லொறி மட்காட்டை உதைத்தே நசுக்கினார். பிறகு தானே உட்கார்ந்து விடியும்வரை தட்டி நிமிர்த்தினார். அடித்து நெளிப்பதும் தட்டி நிமிர்த்துவதும் அவருக்கு ஒரே தொழிலின் இரண்டு பக்கங்கள்.

சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து சனம் கடைவீதிக்கு இறங்கும். சாராயம் உள்ளே போகும். பகை வெளியே வரும். பகை வந்தவர்களின் கைகளில் சாக்குத் துணியைச் சுற்றி, பாஸ் கயிற்றுக்குள் அனுப்புவார். பக்கத்துத் துணிக்கடை மக்பூல் ஒரு பிரேக் டிரம்மில் ஸ்பேனரால் ஓங்கி அடிப்பார். அதுதான் மணி. மாரியம்மன் தேரில் முதல் வடம் யார் பிடிப்பது என்று இரண்டு கங்காணிமார் அதற்குள் மோதினார்கள். ஒருவருக்கு வலக்கண் அன்றோடு போயிற்று. மற்றவர் வடத்தைப் பிடித்தார். ஒற்றைக்கண்ணர் தேருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். பகை இல்லை. கண்ணும் இல்லை. இரண்டு பொலிஸ்காரர்களும் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

நாகலெட்சுமி வந்ததும் அந்தக் கயிறு வழியாகத்தான்.

அப்போது அவள் மேமலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். புருசன் இராமையா, தேயிலைச் செடியை நறுக்கும் கவ்வாத்துக் கத்தியின் பிடியால் பெண்டாட்டியை அடிப்பதில் பேர்போனவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடிக்கக் காசு தரவில்லை என்று அவள் கூந்தலை மணிக்கட்டில் சுற்றி, கடைவீதி நெடுக இழுத்துக்கொண்டு வந்தான். சனம் வழிவிட்டு நின்று பார்த்தது. புருசன்காரன் அடிக்கிறான், நடுவில் போக யாருக்கு உரிமை? ஒரு லொறிக்கடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே வந்தன. அப்புறம் மீதி ஆள் வந்தார்.

"கை வலிக்கலையா தம்பி?" என்று கேட்டார் நேவி பாஸ்.

"நீ யாருடா கேக்க?"

"சும்மாதான் கேட்டேன். அவ்வளவு பலம் இருந்தா உள்ள வா. முடியில்லாத ஆளா நான் இருக்கேன், நீ எதைப் புடிக்கிறேன்னு பாப்போம்."

போதையில் இராமையா கயிற்றுக்குள் போனான். மக்பூல் இரண்டாம் மணி அடிப்பதற்குள் அவன் தாடை கழன்று ஒரு பக்கம் தொங்கியது. வலது கைவிரல்கள் நசுங்கியிருந்ததால் இடது கையால் குலுக்கிவிட்டுப் போனான். பிறகு கொத்மலைப் பக்கம் போய் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டான். அவளையும் அடிக்கிறானா என்று நம் ஊர் அக்கறையாக விசாரித்தது. அடிக்கிறானாம். ஆனால் பல்லைக் கடிக்க முடியாததால் முன்போல வேகம் இல்லையாம்.

நாகலெட்சுமி லயத்துக்குத் திரும்பவில்லை. ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். இருட்டியும் எழுந்திருக்கவில்லை. பாஸ் ஒன்றும் கேட்காமல் ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தார், போர்த்திக்கொள்ள. இப்படித்தான் அந்தக் குடும்பம் ஆரம்பித்தது. மேளம் இல்லை, தாளம் இல்லை, ஒரு டயர், ஒரு சாக்கு.

அடுத்த ஞாயிறு அவளுடைய அண்ணன் முத்துலிங்கம் வந்தான். தோட்டத்தில் மரம் வெட்டுகிறவன், தோள் இரண்டும் பாறை. அந்தச் சண்டையைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பார்க்காதவர்களை ஏளனமாகத்தான் பார்க்கிறார்கள். பாஸின் மூக்கு சாய்ந்தது அன்றுதான். முத்துலிங்கத்தின் முன்பற்கள் போனதும் அன்றுதான். கடைசியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவன் முத்துலிங்கம். பாஸ் கையை நீட்டினார். அவன் அந்தக் கையில் ரத்தத்தைத் துப்பிவிட்டு, ஆற்றுக்குப் போய், தங்கச்சி செத்துவிட்டாள் என்று தலை முழுகினான். கைகுலுக்காமல் கயிற்றை விட்டுப் போன ஒரே ஆள் அவன்தான்.

சரி, அவ்வளவு அடிக்கிறவர் அவளை அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் வேலியோரம் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை அடித்தார். சோற்றில் கல் கிடந்ததாம். அவள் அழவில்லை. நேரே, நானா என்று அண்ணன் முறையில் அவள் கூப்பிடுகிற மக்பூலின் கடைக்குப் போனாள். "நானா, ஸ்பேனர எடுத்துக்கிட்டு வாங்க. இந்தாளு கயித்துக்குள்ள வரணும்" என்றாள். கடைவீதி முழுக்கக் கூடிவிட்டது. பாஸ் உள்ளே வந்து இரண்டு கைகளையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அவள் அடித்தாள். முகத்தில், கழுத்தில், நெஞ்சில், தன் கை வீங்கும்வரை அடித்தாள். அவர் உதடு கிழிந்து சட்டை நனைந்தது. பிறகு கையை நீட்டினாள். அவர் குலுக்கினார். அதற்கப்புறம் அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை என்று மக்பூலின் மனைவி ஜெமீலா சத்தியம் செய்கிறாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைதான். ஜெமீலாவுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் கொசுகூடக் கடித்ததில்லை.

இப்படியாக வாழ்ந்த மனிதரின் சாவுக்கு, நடுப்பகலில் தப்பு அடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு, அவருடைய அண்ணன் செல்லசாமிக் கங்காணி வந்து இறங்கினார். கோட்டும் வேட்டியும், கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. தம்பி அவளைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அந்த முற்றத்தில் கால் வைக்காதவர். வந்ததும் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. கராஜின் கூரைத் தகரத்தைப் பார்த்தார், பின்னறையைப் பார்த்தார், அப்புறம் அவள் இடுப்பைப் பார்த்தார். சாவிக்கொத்து அங்கே இருந்தது.

"இங்க குந்தியிருக்கிற பொம்பள யாரு?" என்றார், தெரியாதவர் போல.

இடியாப்பம் அவித்து விற்கும் வேலாயி, இந்த மாதிரி இடங்களில் வாயைத் திறக்காமல் இருந்தால் தனக்குக் காய்ச்சல் வரும் என்று நம்புகிறவள். "என்னங்க கங்காணியாரே இப்பிடிக் கேக்குறீங்க? ஒங்க தம்பி பொண்டாட்டி" என்றாள்.

"பொண்டாட்டின்னா தாலி எங்க?"

வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாலிதான் இல்ல. கோடியாச்சும் வருதா?" என்றார் கங்காணி. "பொறந்த வீட்டுலேருந்து அண்ணனோ தம்பியோ கோடித்துணி கொண்டாந்து இவ மேல போடட்டும். அப்ப நான் ஒத்துக்கிறேன், இவ என் தம்பிக்கு அறுத்தவன்னு. கோடி போட நாதி இல்லாதவள எப்பிடிப்பா வீட்டு ஆளுன்னு சொல்றது? தூக்குறதுக்குள்ள சாவியக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

கூட்டம் தலையாட்டியது. முறை அதுதான். எந்தப் பெண்ணும் கோடித்துணியைப் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடுவாள். அது மேலே விழுந்தால் அவள் விதவை. நாகலெட்சுமிக்கோ அது விழாவிட்டால் அவள் ஒன்றுமேயில்லை. விதவையாவதற்கு வழி தேடி ஒருத்தி தவித்ததை அன்றைக்குத்தான் இந்த ஊர் பார்த்தது.

கோடி போட வேண்டியவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். ஹமீதின் தேத்தண்ணிக் கடை வாசலில் பீடியும் கையுமாக முத்துலிங்கம். வெளுத்த வேட்டி கட்டியிருந்தான். சாவுக்கு வந்ததா, திருவிழாவுக்கு வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

"அக்கா, போய்க் கேளு" என்றாள் நாகலெட்சுமி மெதுவாக.

வேலாயி ரோட்டைத் தாண்டினாள். அவள் ரகசியமாகக் கேட்டாலே பஸ் நிறுத்தம்வரை கேட்கும்.

"தம்பி முத்துலிங்கம், ஒரு துண்டுத் துணி போதும்டா. கூடப் பொறந்தவடா."

"யாருக்குக்கா?"

"ஒன் தங்கச்சிக்கு."

"எனக்கு ஏது தங்கச்சி?" முன்பற்கள் இல்லாததால் பேச்சோடு விசிலும் சேர்ந்து வந்தது. "ஒருத்தி இருந்தா. செத்துட்டா. ஆத்துல தல முழுகிட்டேன். செத்தவளுக்கு யாராச்சும் கோடி போடுவாங்களா?"

"அப்ப எதுக்குடா இங்க வந்து நிக்கிற?"

"அவன் செத்தது நெசமான்னு பாக்கத்தான்."

"பாத்தாச்சுல்ல. போ."

"மண்ணு போடட்டும். அப்பறம் போறேன்."

வேலாயி திரும்பி வந்து, கேட்டதோடு கேட்காததும் நாலு சேர்த்துச் சொன்னாள். நாகலெட்சுமி ரோட்டுப் பக்கம் திரும்பினாள். அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவன் அடிக்காத நாள் கிடையாது. ஆனால் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் அவளை ஒரு தட்டுத் தட்டியதற்கு அந்தப் பையனைச் சாக்கடைக் காணுக்குள் தலைகீழாக அமுக்கியவன். அவளை அடிக்கும் உரிமையை அவன் ஒருத்தருக்கும் குத்தகைக்கு விட்டதில்லை. கட்டிக்கொடுத்த அன்றைக்குத்தான் விட்டான். அதனால்தான் இராமையா அடித்தபோது அவன் வாயே திறக்கவில்லை. கட்டினவன் அடித்தால் கூடப்பிறந்தவன் கேட்கக் கூடாது. அதுவும் முறைதான்.

அப்படியென்றால், கட்டினவன் என்று ஒருத்தன் இல்லவே இல்லை என்று ஆகிவிட்டால்?

அவள் எழுந்தாள். பாடையைச் சுற்றிக்கொண்டு, கயிற்றுக்குள் ரோட்டைப் பார்த்த பக்கமாக வந்து நின்றாள்.

"மாமா" என்று கூப்பிட்டாள்.

"யாருக்குடி மாமா?" கங்காணி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "ஒனக்கு எங்க வீட்டுல ஒறவு கெடையாது."

"சத்தமாச் சொல்லுங்க. அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்."

கங்காணி கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று நூறு பேருக்குப் பேர் கூப்பிடுகிற தொண்டைக்காரர். "இவ எங்க குடும்பத்துக்கு யாருமில்ல! என் தம்பிக்குப் பொண்டாட்டி கெடையாது! எல்லாரும் கேட்டுக்கங்க!" என்று கத்தினார். எதிர் மலையில் மோதித் திரும்பியது.

"கேட்டுக்கிட்டாங்க" என்றாள் அவள். "இப்ப நான் ஒண்ணு சொல்றேன், அதையும் கேக்கட்டும். இந்தாளு முதுகுல இருக்கிற தழும்பெல்லாம் ஜப்பான்காரன் குண்டு போட்டதுன்னுதான ஊரெல்லாம் பேச்சு? அதச் சொல்லித்தான அவரும் சிரிப்பாரு? அது குண்டு இல்ல. மடுவத்துத் தூணுல கட்டிவச்சு, ஈரக்கயித்தால அடிச்சது. அடிச்சவரு இந்தா நிக்கிறாரு, கோட்டுப் போட்டுக்கிட்டு. தொரைகிட்ட நல்ல பேரு வாங்குறதுக்காகச் சொந்தத் தம்பியத் தோலு உரியிற மாதிரி அடிச்ச பெரிய மனுசன்."

தப்பு நின்றது. இத்தனை வருசமாக நம் ஊர் அந்த முதுகைப் பார்த்து ஜப்பான்காரனைத் திட்டியிருக்கிறது! கள்ளுத் தவறணையில் அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்து அழுதவர்கள்கூட உண்டு. எவ்வளவு கண்ணீர் வீண்!

"வாய மூடுடி, நாயே!"

"நேவியில சேரணும்னு அவரு ஓடல. ஒங்ககிட்டேருந்துதான் ஓடுனாரு. கப்பலுக்கு மேல குண்டு விழுந்தப்பகூட, அண்ணன் கைக்கு இது தேவலன்னு நெனச்சேன்னு சொன்னாரு."

கங்காணியின் தடி மேலே போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். விலகியிருக்கலாம், ஆனால் விலகவில்லை. வெள்ளிப்பூண் நெற்றியோரம் விழுந்தது. மண்டை ஓட்டில் பட்ட சத்தம் ஹமீதின் கடைவரை கேட்டது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் முழங்காலில் விழுந்தாள். கங்காணி குனிந்து கூந்தலைப் பற்றிக்கொண்டு, மறுகையால் இடுப்புச் சாவியைப் பிடித்து இழுத்தார். சேலை கிழிந்தது. சாவி வரவில்லை. இன்னொரு தடவை தடியை ஓங்கி முதுகில் போட்டார்.

கூட்டத்தில் ஒரு கை எழவில்லை. வேலாயி மட்டும் கத்தினாள். கத்துவது அவளுக்குக் கஷ்டமில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் முத்துலிங்கம் பீடியின் கடைசி இழுப்பை இழுத்தான். அதைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தான், அவசரமே இல்லாமல். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினான்.

"கங்காணியாரே."

"என்னடா?"

"அவ ஒங்களுக்கு யாரு?"

"யாருமில்ல! அதத்தான சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

"யாருமில்லாதவள நீ எப்பிடிடா தொட்ட?"

கங்காணி செய்த தப்பு அதுதான். பெண்டாட்டி என்று ஒரு வார்த்தை ஒத்துக்கொண்டிருந்தால், மைத்துனன் வீட்டு விவகாரம் என்று முத்துலிங்கம் இன்னொரு பீடியைப் பற்ற வைத்திருப்பான். தானே ஊரைக் கூட்டி உறவை அறுத்துவிட்டு, அறுத்த கையாலேயே அடித்துவிட்டார்.

முத்துலிங்கம் கயிற்றுக்கடியில் நுழைந்தான். அந்த நேரம் பார்த்து, பழக்கதோசத்தில், மக்பூல் பிரேக் டிரம்மில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டார். அடித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தப்புக்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து வேகத் தாளத்தில் ஆரம்பித்துவிட்டார்கள்.

கங்காணி தடியை வீசினார். முத்துலிங்கம் அதை முழங்கையில் வாங்கினான். எலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. மறுகையால் ஒரு குத்து. கங்காணியின் கோட்டுப் பொத்தான்கள் தெறித்தன. இரண்டாவது குத்து வாயில். அவர் பின்னால் சாய்ந்து பாடையில் மோதினார். பாடை ஆடியது. நேவி பாஸின் தலை ஒரு பக்கம் திரும்பி, ஏதோ சண்டையை வேடிக்கை பார்ப்பதுபோல ஆகிவிட்டது. "பொணத்தப் புடிங்க, பொணத்தப் புடிங்க!" என்று நாலு பேர் ஓடிவந்து பாடைக்கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். சண்டையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. கங்காணி தடியின் பூண் முனையால் முத்துலிங்கத்தின் விலாவில் இடித்தார். அவன் அந்தத் தடியை ஒற்றைக் கையால் பிடுங்கி, தரையில் சாய்த்து மிதித்து ஒடித்தான். ஒடித்த துண்டாலேயே அவர் காதோரம் போட்டான். அவர் விழுந்தார். விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, அவன் அடித்த அடிக்குக் கணக்கில்லை. அடிக்கு ஒரு தடவை, "என் தங்கச்சி! என் தங்கச்சிடா!" என்று விசிலோடு கத்தினான். செத்துப் போனவள் என்று சொன்னதெல்லாம் எங்கே போயிற்றோ.

கடைசியில் நாகலெட்சுமிதான் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தாள். "போதும்ணே. ரெண்டாவது பாடைக்கு மூங்கில் இல்ல" என்றாள்.

அவன் எழுந்தான். மூச்சு வாங்கியது. இத்தனை வருசம் கழித்தாவது அவன் பிணத்தின் கையைப் பிடித்துக் குலுக்குவான் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானையைக்கூடத் தயாராக வைத்திருந்தார்கள். அவன் பிணத்தின் பக்கமே திரும்பவில்லை.

வேலாயி விடுவாளா? கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். "தங்கச்சின்னு சொல்லி அடிச்சாச்சு. நாங்க எல்லாம் காதால கேட்டாச்சு. இப்ப அந்தத் தங்கச்சிக்குக் கோடியப் போடு. அடிக்க மட்டும் அண்ணன், கோடி போடத் தல முழுகுனவனா?"

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். ஜெயித்த பக்கம்தான் நியாயம் என்பது கயிற்றின் பழைய பாடம்.

முத்துலிங்கம் கையைப் பார்த்தான், ஒன்றுமில்லை. மக்பூலைப் பார்த்தான். மக்பூல் கடைக்குள் ஓடினார், அலமாரியைத் தேடினார், சாவு என்று காலையிலிருந்து ஆட்கள் வாங்கிப்போனதில் வெள்ளைச் சேலை ஒன்றுகூட இல்லை. உள்ளிருந்து ஜெமீலா ஏதோ சொன்னாள். ஒரு வெள்ளைத் துணிக் கட்டோடு வெளியே வந்து, தயங்கி நின்றார்.

"இது எங்கட ஆக்களுக்கு, செத்தா மய்யத்துக்கு உடுத்த வச்சிருந்த துணி. வேற வெள்ளை இல்ல. பரவாயில்லையா தங்கச்சி?"

"வெள்ளை வெள்ளதான் நானா. குடுங்க" என்றாள் நாகலெட்சுமி.

முத்துலிங்கம் அதை வாங்கினான். ஒரு கை ஒடிந்திருந்ததால் விரிக்க முடியவில்லை. சும்மா அவள் தலைமேல் எறிந்தான். நெற்றி ரத்தம் துணியில் ஊறிப் பரவியது. பெண்கள் ஒரே குரலாக அழ ஆரம்பித்தார்கள். அவளும் அப்போதுதான் பாடைமேல் விழுந்து அழுதாள். விதவையான பிறகுதானே அழ உரிமை.

பெண்டாட்டி இல்லை என்பதால் வந்த சண்டையில் ஜெயித்து அவள் பெண்டாட்டி ஆகிவிட்டாளே, கணக்கு இடிக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. செல்லசாமிக் கங்காணியும் கேட்கவில்லை. கேட்க வாய் இருக்கும் நிலையில் அவர் இல்லை. ஆனாலும் கூடப்பிறந்தவர் அவர்தான். ஆகவே கொள்ளிச்சட்டியை அவர்தான் தூக்கினார். ஒரு கண் மூடிப்போனதால் வழி தெரியாமல் இரண்டு தடவை பள்ளத்தில் கால் வைத்தார். பின்னாலேயே பாடையின் ஒரு காலை ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டு முத்துலிங்கம் போனான்.

ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் கால் கழுவிக்கொண்டு கலைந்தார்கள். முத்துலிங்கம் மட்டும் கராஜ் வாசலில் நின்றான். கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

"மூட்டையக் கட்டு" என்றான்.

"எதுக்கு?"

"எதுக்கா? கோடி போட்டவன் கூட்டிட்டுப் போகணும். லயத்துல அம்மா இருந்த காம்பரா சும்மாதான் கெடக்கு. இந்த எடத்த யாருக்காச்சும் குடுத்துறலாம். நாளைக்கே ஆளு பாக்குறேன்."

"நான் வரலண்ணே. நான் இங்கதான் இருப்பேன்."

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்?"

பளாரென்று அறைந்தான். ஒடியாத கை. நெற்றிக் காயம் மறுபடி திறந்துகொண்டது. பலகைக்கு அந்தப் பக்கம் ஜெமீலா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மக்பூல் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பேனரை எடுத்து ஒளித்து வைத்தாராம். வேலாயி, போகாமல் மழைக்கு ஒதுங்கி நின்றவள், ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

நாகலெட்சுமி விழவில்லை. கன்னத்தைத் தடவக்கூட இல்லை. அதே வேகத்தில் அவன் கன்னத்தில் திருப்பி ஒன்று வைத்தாள்.

முத்துலிங்கத்துக்குக் கண் பிதுங்கியது. "என்னயவே கை நீட்டுறியா? அண்ணனுக்கு ஒன்ன அடிக்க உரிமை இல்லையா?"

"மத்தியானம் இருந்துச்சு" என்றாள் அவள். "அப்ப நான் யாருக்கும் பொண்டாட்டி இல்ல. கோடியப் போட்டது யாரு? நீதான? ஊரு முன்னால, இந்தக் கையாலதான? இப்ப நான் அந்தாளு பொண்டாட்டி. கட்டிக்குடுத்தவள அண்ணங்காரன் அடிக்கலாமா? இராமையா அடிச்சப்ப இந்த முறையச் சொல்லித்தான வாசல்ல நின்னுக்கிட்டு இருந்த?"

மழை தகரத்தில் கொட்டியது. முத்துலிங்கம் வேலாயியின் பக்கம் திரும்பினான்.

"அப்பிடியாக்கா முறை?"

வேலாயி அப்படி ஒரு கேள்வியை வாழ்நாள் முழுவதும் எதிர்பார்த்திருந்தவள் போலத் தோளை நிமிர்த்தினாள். "அப்பிடித்தான் தம்பி முறை. அறுத்தவ புருசன் வீட்டு ஆளு. அவளாப் பிரியப்பட்டு வந்தாத்தான் பொறந்த வீடு."

அவன் ஒடியாத கையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான். ரோட்டின் நடுவில் நின்று திரும்பிப் பார்க்காமலே கத்தினான்:

"பதினாறுக்கு வருவேன்! சொல்லிப்புட்டேன்!"

"வா! கைய வீட்டுல வச்சுட்டு வா!" என்று அவளும் கத்திவிட்டு, கராஜ் கதவை இழுத்துச் சாத்தினாள். உள்பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது. இதெல்லாம் ஜெமீலா சொன்னது. அவள் சொன்னதில் பாதியைத்தான் இங்கே சொல்லியிருக்கிறது.